வீட்டு வைஃபையில் கணினி இணையவில்லையா? கோளாறு எங்கே என்று படிப்படியாகக் கண்டறியும் முறை

வைஃபை வேலை செய்யவில்லை என்று நாம் சொல்லும்போது, அந்த ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. கணினிக்குள் இருக்கும் வைஃபை அடாப்டர் அணைந்து கிடக்கலாம். அடாப்டர் இயங்கியும் ரூட்டரின் சிக்னல் அதற்கு எட்டாமல் இருக்கலாம். சிக்னல் எட்டியும் கடவுச்சொல் பொருந்தாமல் போகலாம். இணைந்த பிறகும் ரூட்டர் கணினிக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், தராமல் இருக்கலாம். முகவரி கிடைத்தும் ரூட்டருக்கே இணையம் வராமல் இருக்கலாம். இந்த ஐந்துக்கும் தீர்வு வேறு வேறு. புதிதாகக் கணினி பயன்படுத்துபவர்கள் பதற்றத்தில் கண்ணில் பட்ட எல்லா அமைப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள். அதனால் ஒரு கோளாறு இருந்த இடத்தில் மூன்று சேர்ந்துவிடுகின்றன. தற்செயலாகச் சரியாகிவிட்டாலும், எது சரிசெய்தது என்று தெரியாததால் அடுத்த முறையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஒரு தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதைத் தாளில் எழுதி, பலன் இல்லையென்றால் அதைப் பழைய நிலைக்கே திருப்பிய பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். மெனுப் பெயர்களை இங்கே விண்டோஸ் 11 இயங்குதளத்தில் உள்ளபடி சொல்கிறேன். மற்ற இயங்குதளங்களில் பெயர்கள் மாறினாலும் தேடும் வரிசை மாறாது.

வைஃபை வேறு, இணையம் வேறு

கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே காற்றில் நடக்கும் வானொலி அலைத் தொடர்புதான் வைஃபை. ரூட்டரிலிருந்து மோடம் வழியாக, கேபிளிலோ கண்ணாடி இழையிலோ உங்கள் இணைய நிறுவனத்தை அடையும் தொடர்பு முற்றிலும் தனியானது. முதல் தொடர்பு நன்றாக இருக்கும்போதே இரண்டாவது அறுந்திருக்கலாம். அப்போது கணினித் திரையில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரியும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. சிக்னல் கோடுகள் கணினிக்கு ரூட்டர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன; இணையம் வருகிறதா என்பதற்கு அவை சாட்சி அல்ல. பல வீடுகளில் மோடமும் ரூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் பெட்டிக்குள்ளே இரண்டு வேலைகளும் தனித்தனியாகத்தான் நடக்கின்றன.

இந்த வேறுபாட்டைச் சோதிக்க எளிய வழி இன்னொரு கருவியை எடுத்துப் பார்ப்பது. கைபேசியை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் இணைத்து, அண்மையில் திறக்காத ஏதேனும் ஒரு இணையப் பக்கத்தைத் திறவுங்கள். மொபைல் டேட்டாவை அணைப்பது மிக முக்கியம்; வைஃபையில் இணையம் இல்லாதபோது பல கைபேசிகள் ஓசையில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்வதால், அதை அணைக்காமல் செய்யும் சோதனை உங்களைத் தவறான திசையில் அனுப்பிவிடும். ஏற்கெனவே பார்த்த பக்கத்தைத் திறப்பதும் பயனற்றது, ஏனெனில் சேமித்து வைத்த நகலைக் கைபேசி காட்டிவிடக்கூடும்.

கைபேசியிலும் இணையம் இல்லையென்றால் கோளாறு ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. கணினியைத் தொடவே வேண்டாம். கைபேசியில் இணையம் வந்து கணினியில் மட்டும் வரவில்லையென்றால், பெரும்பாலும் கோளாறு கணினியில்தான். இந்த ஒரே கேள்வி உங்கள் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

எந்தக் கருவியிலும் இணையம் இல்லாதபோது

ரூட்டரையும் மோடத்தையும் அணைத்து மீண்டும் இயக்குவது மிகப் பழைய அறிவுரை, ஆனால் அது உண்மையாகவே பலன் தரும் அறிவுரை. ரூட்டர் என்பதும் ஒரு சிறிய கணினிதான்; மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும்போது அதன் நினைவகம் நிரம்பலாம், இணைய நிறுவனத்துடன் அது வைத்திருந்த தொடர்பு அறுந்தும் அறுந்ததை அது உணராமல் இருக்கலாம். பொத்தானை அழுத்தி உடனே மறுபடியும் இயக்காமல், மின்கம்பியையே பிடுங்கி 30 விநாடி காத்திருங்கள். பிறகு மோடத்தை மட்டும் இயக்கி, அதன் விளக்குகள் நிலையாக எரியும் வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து, அதன் பின்பே ரூட்டரை இயக்குங்கள். இரண்டும் ஒரே பெட்டி என்றால் வரிசை பற்றிய கவலை இல்லை, காத்திருப்பு மட்டும் போதும்.

விளக்குகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீடுகளில் இருக்கும் பெட்டியில் எல்ஓஎஸ் என்று குறிக்கப்பட்ட ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளிச் சிக்னல் பெட்டியை வந்தடையவில்லை என்று பொருள். இழைக் கேபிள் எங்கேனும் கூர்மையாக மடிந்திருக்கிறதா, பொருத்தும் இடத்தில் தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இழையின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது. மடிப்பும் தளர்வும் இல்லாமல் சிவப்பு விளக்கு தொடர்ந்தால், அதைச் சரிசெய்வது இணைய நிறுவனத்தின் வேலை. நீங்கள் ரூட்டரின் அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் அந்த விளக்கு அணையாது.

கணினியில் மட்டும் கோளாறு என்றால்: அடாப்டர் இயங்குகிறதா?

திரையின் வலது கீழ் மூலையில் உள்ள நெட்வொர்க் சின்னத்தைச் சொடுக்கி வைஃபை பொத்தான் இயங்கும் நிலையில் இருக்கிறதா, ஏர்ப்ளேன் மோட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இது குழந்தைத்தனமான அறிவுரை போலத் தோன்றலாம். ஆனால் பல மடிக்கணினிகளில் ஏர்ப்ளேன் மோடுக்கு விசைப்பலகையின் மேல் வரிசையிலேயே ஒரு விசை இருக்கிறது. ஒலியைக் குறைக்கப் போன விரல் அந்த விசையில் பட்டுவிடுவது உண்டு. பழைய மடிக்கணினிகளின் பக்கவாட்டில் ஒரு சிறிய நகர்த்து பொத்தானும் இருக்கும், அது அணைந்திருந்தால் மென்பொருளில் என்ன செய்தாலும் வைஃபை எழாது.

வைஃபை பொத்தானே திரையில் இல்லையென்றால், கணினி தன் அடாப்டரையே அறியவில்லை என்று பொருள். அப்போது ஸ்டார்ட் பொத்தானின் மீது வலது சொடுக்குச் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற பிரிவை விரித்துப் பாருங்கள். அடாப்டரின் பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலது சொடுக்கில் எனேபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால், அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறு. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம். அடாப்டரின் பெயரே இல்லையென்றால், கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியையும் எடுத்துவிட்டு, சில நிமிடம் கழித்து இயக்கிப் பாருங்கள். யூஎஸ்பியில் செருகும் அடாப்டராக இருந்தால் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

உங்கள் வைஃபையின் பெயர் பட்டியலில் தெரியாதபோது

அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்கள் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியாமல் போவது பலரையும் குழப்பும். இதற்கு மிகப் பொதுவான காரணம் அலைவரிசை. வீட்டு ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. புதியவற்றில் 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு. பழைய கணினிகள் பலவற்றில் உள்ள அடாப்டருக்கு 2.4 மட்டுமே கேட்கும். ரூட்டரில் யாரேனும் 2.4 அலைவரிசையை அணைத்திருந்தால், அல்லது இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருந்தால், அந்தக் கணினிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒருபோதும் தெரியாது. அவ்வாறே 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் காண வைஃபை 6ஈ அல்லது அதற்குப் பிந்தைய தலைமுறை அடாப்டர் வேண்டும்.

இரண்டாவது காரணம் சேனல், அதாவது ஓர் அலைவரிசைக்குள் பிரித்து எண்ணிட்ட பகுதி. 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13 ஆகிய சேனல்களைச் சில நாடுகள் அனுமதிக்கின்றன, சில நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. கட்டுப்பாடுள்ள நாட்டுக்காக அமைக்கப்பட்ட அடாப்டர் அந்தச் சேனல்களைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம். ரூட்டரை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மாற்றினால் அந்தத் தடை நீங்கும். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பதால் நெரிசலுக்கும் இவையே ஏற்றவை.

மூன்றாவது ஒன்று உண்டு. அதைப் பழுது என்று சொல்லவே கூடாது, ஆனால் அதைப் பழுதென்று நினைத்து ரூட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்து இயக்குபவர்கள் இருக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதிச் சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. எனவே அந்தச் சேனல்களில் ஒலிபரப்பத் தொடங்குமுன் ரூட்டர் குறைந்தது 60 விநாடி மௌனமாக இருந்து ரேடார் சிக்னல் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும் என்பது விதி. ரூட்டரை இயக்கியதும் 2.4 பெயர் உடனே வந்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தாமதமாக வந்தால், அது இந்தக் காத்திருப்பாகவே இருக்கலாம். பொறுமையின்றி மறுபடியும் அணைத்தால் அந்த ஒரு நிமிடம் மறுபடியும் தொடங்கும்.

பெயர் தெரிகிறது, ஆனால் உள்ளே விட மறுக்கிறது

கடவுச்சொல்லை மாற்றிய பிறகு கைபேசிகளில் புதியதைக் கொடுத்துவிட்டு, கணினியை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது. கணினியோ தன்னிடம் சேமித்து வைத்த பழைய கடவுச்சொல்லையே மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்க்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று வரிசையாகச் சென்று, உங்கள் வைஃபை பெயருக்கு எதிரே உள்ள ஃபர்கெட் என்பதை அழுத்தி நீக்கிவிட்டு, புதிதாக இணையுங்கள். தட்டச்சு செய்யும்போது கண் சின்னத்தை அழுத்தி எழுத்துகளைக் கண்ணால் பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. விசைப்பலகை தமிழுக்கு மாறியிருந்தாலும் தவறாகவே விழும். வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும் என்பதால், அதைவிடச் சிறியதாக உங்கள் நினைவில் இருக்கும் சொல் வைஃபையின் கடவுச்சொல்லாக இருக்க வாய்ப்பே இல்லை. அது ரூட்டரின் அமைப்புகளை மாற்ற உதவும் நிர்வாகப் பக்கத்துக்கு உரியதாக இருக்கலாம். இவை இரண்டும் வேறு வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய கணினி மட்டும் இணைய மறுத்தால், ரூட்டரின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைக்கப்பட்டிருந்தால், அதை அறியாத பழைய அடாப்டர்களால் நுழைய முடியாது. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தீரும். எந்த நிலையிலும் பழைய கணினிக்காக டபிள்யூஇபி முறைக்கு இறங்காதீர்கள், பாதுகாப்பையே நீக்கியும் விடாதீர்கள். டபிள்யூஇபி நெடுங்காலத்துக்கு முன்பே உடைக்கப்பட்ட முறை. எளிய கருவிகளைக் கொண்டு சில நிமிடங்களில் அதைத் திறந்துவிட முடியும். அப்படிச் செய்து ஒரு கணினியை உள்ளே கொண்டுவருவதைவிட, அந்தக் கணினிக்குப் புதிய யூஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இவற்றோடு ரூட்டரில் மேக் முகவரி வடிகட்டி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் அமைப்பு, இயங்குகிறதா என்றும் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலில் இல்லாத கணினியை அது விளக்கம் ஏதும் சொல்லாமல் வெளியே நிறுத்திவிடும்.

இணைந்துவிட்டது, ஆனால் பக்கங்கள் திறக்கவில்லை

பொறுமையாகப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான். முதலில் கணினிக்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் வைஃபைப் பக்கத்தைத் திறந்து, உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் என்பதைச் சொடுக்கினால் ஐபிவி4 முகவரி என்ற வரி இருக்கும். அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

முகவரி 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால், ரூட்டர் கணினிக்கு முறையாக முகவரி கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினி முகவரி கேட்டும் யாரும் பதில் சொல்லாததால் அது தனக்குத் தானே ஒரு தற்காலிக எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இணையத்துக்குச் செல்ல முடியாது. வீட்டு ரூட்டர்களில் முகவரி வழங்கும் வேலையை டிஹெச்சிபி என்ற சேவை செய்கிறது. அது வழங்கக்கூடிய முகவரிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் கேமராக்களும் பெருகிய வீட்டில் வரம்பைச் சிறியதாக அமைத்திருந்தால், கடைசியாக வரும் கணினிக்கு முகவரி மிஞ்சாமல் போகலாம். ரூட்டரை ஒருமுறை அணைத்து இயக்கிப் பாருங்கள். மீண்டும் அதே நிலை வந்தால் நிர்வாகப் பக்கத்தில் அந்த வரம்பை உயர்த்துங்கள்.

இன்னொரு காரணம் கணினியிலேயே இருக்கலாம். முன்பொரு முறை யாரேனும் முகவரியைக் கையால் நிரப்பியிருந்தால், ரூட்டரை மாற்றிய பிறகு அந்த எண் பொருந்தாது. அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் என்பது ஆட்டோமேட்டிக் டிஹெச்சிபி என்று இருக்க வேண்டும். மேனுவல் என்று இருந்தால் மாற்றுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்காவிட்டால் பிங் என்ற கட்டளை உதவும். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்பதைத் தேடித் திறவுங்கள். கறுப்புத் திரையைக் கண்டு தயங்க வேண்டாம். பிங் எதையும் மாற்றுவதில்லை, ஒரு முகவரியை அழைத்து பதில் வருகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஆங்கிலத்தில் பி, ஐ, என், ஜி என்ற நான்கு சிறிய எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முகவரியை எழுதி என்டர் விசையை அழுத்த வேண்டும். முதலில் ரூட்டரின் முகவரியை அழையுங்கள். அது பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டிலும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அதற்குப் பதில் வந்தால் 8.8.8.8 என்ற முகவரியை அழையுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் வழங்கியின் முகவரி. அதற்கும் பதில் வந்தால், எண்ணுக்குப் பதிலாக ஏதேனும் ஓர் இணையதளத்தின் பெயரை எழுதி அழையுங்கள்.

இந்த மூன்று அழைப்புகளில் எது தோற்கிறது என்பதைப் பொறுத்து நீங்கள் போக வேண்டிய வழி தெரிந்துவிடும். ரூட்டரே பதில் சொல்லவில்லையென்றால் கோளாறு காற்றில் நடக்கும் தொடர்பிலோ, தொடர்புகளை வடிகட்டும் கணினியின் ஃபயர்வாலிலோ இருக்கலாம். ரூட்டர் பதில் சொல்லி 8.8.8.8 சொல்லவில்லையென்றால், ரூட்டருக்கு வெளியே செல்லும் வழியில் தடை. இரண்டும் பதில் சொல்லி, இணையதளத்தின் பெயரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கணினி சொன்னால் கோளாறு டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. நாம் எழுதும் பெயரை அதற்குரிய எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ். அது நின்றுபோனால், இணையம் நன்றாக இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது.

டிஎன்எஸ் கோளாறைச் சரிசெய்வது எளிது. அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்பதை மேனுவல் ஆக்கி, ஐபிவி4 பகுதியை இயக்கி, முதல் வரியில் 1.1.1.1 என்றும் இரண்டாம் வரியில் 8.8.8.8 என்றும் நிரப்பிச் சேமியுங்கள். முதலாவது கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 முதல் நடத்தும் பொதுச் சேவை. மாற்றியதும் பக்கங்கள் திறந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. முன்பிருந்த நிலையைத் தாளில் குறித்து வைத்திருந்தால், பின்னர் தேவைப்பட்டபோது திருப்பிவிடலாம்.

மூன்று அழைப்புகளும் வென்றும் உலாவி மட்டும் மறுத்தால், கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பாதுகாப்பான இணையதளங்கள் எல்லாம் தொடக்கத் தேதியும் காலாவதித் தேதியும் கொண்ட சான்றிதழ்களை நம்பியே இயங்குகின்றன; தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்து கணினி பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டால், எல்லாத் தளங்களின் சான்றிதழ்களும் அதற்குச் செல்லாதவையாகத் தோன்றும். அடுத்து, இணையத் தொடர்பை வேறொரு வழங்கி வழியாகத் திருப்பிவிடும் அமைப்புகளைப் பாருங்கள்: விபிஎன் செயலி ஏதேனும் பாதி வழியில் தொங்கிக்கொண்டிருக்கிறதா, செட்டிங்ஸின் ப்ராக்ஸி பக்கத்தில் நீங்கள் வைக்காத முகவரி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அறியாத ப்ராக்ஸி முகவரி இருந்தால் அதை நீக்குவதோடு நிறுத்தாமல், வைரஸ் சோதனையையும் நடத்துங்கள்.

அவ்வப்போது அறுந்துபோகும் இணைப்பு

முற்றிலும் இணையாத கணினியைவிட, ஒரு நாளில் பலமுறை அறுந்து தானாகவே திரும்பி வரும் கணினிதான் மனத்தை அதிகம் சோர்வடையச் செய்கிறது. இங்கே தேவை கவனிப்பு. எப்போது அறுகிறது, கணினி எங்கே இருந்தபோது, பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று இரண்டு மூன்று நாட்கள் குறித்து வையுங்கள். என் மடிக்கணினி ஒன்று, பெரிய கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகலெடுக்கும்போது மட்டும் வைஃபையை இழந்துகொண்டிருந்தது. ரூட்டரைப் பல வாரங்கள் சந்தேகித்த பிறகுதான், நான் எழுதி வைத்த குறிப்புகளில் அந்த ஒற்றுமை கண்ணில் பட்டது. யூஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலைக் கிளப்புகின்றன. வன்தட்டை மறுபக்கத் துளைக்கு மாற்றி, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் கோளாறு நின்றது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும், ஆனால் அந்த வரிசையில் நெரிசல் மிகுதி: மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், அண்டை வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது, ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டினாலே களைத்துவிடும். எனவே ரூட்டருக்கு அருகில் 5, தொலைவில் 2.4 என்பது பொதுவான நல்ல விதி.

சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அலகில் எதிர்மறை எண்ணாகச் சொல்லப்படுகிறது. பூச்சியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலிமை. மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 67 வரை காணொளி அழைப்புகளுக்கும் போதுமானது. மைனஸ் 80க்குக் கீழே போனால் இணைப்பு நிலைக்காது. ஒவ்வொரு 3 டிபி குறையும்போதும் கிடைக்கும் ஆற்றல் பாதியாகிறது, ஒவ்வொரு 10 டிபி குறையும்போதும் பத்தில் ஒன்றாகிறது. ஆகவே எண்ணில் சிறியதாகத் தெரியும் வேறுபாடு உண்மையில் பெரியது. மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ என்ற வரியில் இந்த எண் தெரியும். எண் மோசமாக இருந்தால் முதலில் ரூட்டரின் இடத்தை மாற்றுங்கள். அலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, தரையிலோ, மீன்தொட்டிக்குப் பக்கத்திலோ வைக்கப்பட்ட ரூட்டர் தன் வலிமையில் பெரும்பகுதியை அங்கேயே இழந்துவிடுகிறது. இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் அலைகளைத் திருப்புகின்றன, தண்ணீர் அவற்றை உறிஞ்சுகிறது. வீட்டின் நடுப்பகுதியில், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வைப்பது சிறந்தது.

சிக்னல் வலுவாக இருந்தும் கணினி சற்று நேரம் சும்மா இருந்த பிறகே அறுகிறதென்றால், மின்சேமிப்பு அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியைக் கணினி அணைக்கலாம் என்று அனுமதிக்கும் கட்டத்தின் குறியை நீக்குங்கள். சில புதிய மடிக்கணினிகளில் இந்தப் பக்கம் இருக்காது.

டிரைவரும் நெட்வொர்க் ரீசெட்டும்

இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால் டிரைவரைப் பாருங்கள். அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் அழுத்தக்கூடியதாக இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். இல்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடியும் தொடங்கினால், விண்டோஸ் தன்னிடம் உள்ள டிரைவரைத் தானே நிறுவ முயலும். அவ்வாறு நீக்குமுன், கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாதிரிக்குரிய டிரைவரைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் இணையம் இல்லாதபோது கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், வைஃபை அடாப்டரின் உதவியின்றியே கணினிக்கு இணையம் கிடைக்கும்.

செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் ரீசெட் என்று ஒன்று இருக்கிறது. அது எல்லா அடாப்டர்களையும் நீக்கி மீண்டும் நிறுவி, நெட்வொர்க் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்லும். சேமித்த வைஃபை கடவுச்சொற்களை மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும், விபிஎன் செயலிகளை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும். மற்ற எல்லாம் தோற்ற பிறகே இதைச் செய்யுங்கள்.

ரூட்டரின் பின்னால் உள்ள சிறு துளை

ரூட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளையும் அதற்குள் ரீசெட் பொத்தானும் இருக்கும். அதைப் பத்து விநாடி அளவில் அழுத்திப் பிடித்தால் ரூட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். அணைத்து இயக்குவதும் இதுவும் ஒன்றல்ல. அணைத்து இயக்கினால் அமைப்புகள் அப்படியே இருக்கும். ரீசெட் செய்தால் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமல்ல, இணைய நிறுவனத்துடன் இணைவதற்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும்கூட அழியலாம். அந்த விவரங்கள் கையில் இல்லாமல் அழுத்தியவர்கள், ஒரு கணினியில் மட்டும் இருந்த கோளாறை வீடு முழுவதற்குமான கோளாறாக மாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த விவரங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தால் மட்டுமே அந்தத் துளையை நெருங்குங்கள்.

அதற்கு முன் செய்யக்கூடிய தீர்க்கமான சோதனை ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு நெட்வொர்க் கேபிளால் கணினியை நேரடியாக ரூட்டரில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் இணையம் சீராக வந்தால் ரூட்டரும் இணைய நிறுவனமும் குற்றமற்றவை. கோளாறு வைஃபையில், அதாவது அடாப்டரிலோ டிரைவரிலோ சிக்னலிலோ இருக்கிறது. அதே கணினியை ரூட்டருக்கு ஒரு மீட்டர் தொலைவில் வைத்தும் வைஃபை நிலைக்காமல், மற்ற கருவிகளுக்கு அதே இடத்தில் நிலைத்தால், அடாப்டரே பழுதடைந்திருக்கிறது. யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைக் கடனாக வாங்கிப் பொருத்திப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

கேபிளிலும் இணையம் வரவில்லை, கைபேசியிலும் வரவில்லை என்றால் இணைய நிறுவனத்தை அழையுங்கள். அழைக்கும்போது வைஃபை வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர்கள் உங்களை முதல் படியிலிருந்தே நடத்துவார்கள். மோடத்தில் எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது, எப்போதிலிருந்து, கேபிளில் இணைத்தும் வரவில்லை, ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்கிறது ஆனால் 8.8.8.8 சொல்லவில்லை என்று உங்கள் தாளில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டு, புகார் எண்ணைக் கேட்டு அதே தாளின் அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.